கேட் கன்னிங்ஹாமுக்குப் பக்கத்தில் யார்?

2023 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். மகனைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் லிட்டில் சீசர்ஸ் அரங்குக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் கூடைப்பந்து அணி பிஸ்டன்ஸ் அதுவரை தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றிருந்தது. அன்று புரூக்ளினிடமும் தோற்றால், ஒரே சீசனில் அதிகத் தொடர் தோல்வி என்ற என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) சாதனை எங்கள் ஊருக்கு வந்துவிடும். வந்தது. 118-112.

எங்கள் அணியின் கேட் கன்னிங்ஹாம் அன்று 41 புள்ளி எடுத்தார். 22 வயசுப் பையன். எங்கள் சீட் கூடைக்குப் பின்னால், மேல் அடுக்கில். அங்கே உட்கார்ந்து பார்த்தால் டிவியில் பிடிபடாத ஒன்று பளிச்சென்று தெரியும். கேட் பந்தோடு உள்ளே நுழைவார். எதிரணியில் மூன்று பேர் அவரை மொய்த்துக்கொள்வார்கள். மூலையில் நம்ம ஆள் ஒருத்தர் தனியாக நிற்பார், சுற்றிப் பத்தடிக்கு ஆள் இருக்காது. கேட் எப்படியோ பந்தை வெளியே அனுப்புவார். வாங்கினவர் ஒரு நொடி தயங்குவார், அதற்குள் ஆள் வந்துவிடும், பந்து மறுபடி கேட் கைக்கே திரும்பும். நாலாவது குவார்ட்டரில் கூட்டம் "டீமை வித்துடு" என்று முதலாளி டாம் கோர்ஸைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தது. என் பையனுக்குப் பதினொரு வயசு. அவன் கத்தவில்லை. "அப்பா, அந்த மூலையில நிக்கிறவரை யாருமே கண்டுக்க மாட்டேங்கிறாங்களே" என்றான்.

இரண்டு நாள் கழித்து பாஸ்டனில் ஓவர்டைமில் 28-வது தோல்வி. 30-ம் தேதி டொரன்டோவை இரண்டே புள்ளியில் ஜெயித்தபோது கோப்பையே கிடைத்த மாதிரி ஊர் சந்தோஷப்பட்டது. சீசன் முடிவில் 14 வெற்றி, 68 தோல்வி.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஒவ்வொரு கோடையிலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதே பேச்சு வருகிறது. "டீமைப் புதுசா கட்டும்போது நடு வயசு ஆட்டக்காரனுக்கு எதுக்குக் காசு? இருக்கிற சீனியரை எல்லாம் வித்துட்டு பிக் (புது இளைஞர்களை எடுக்கும் டிராஃப்டில் கிடைக்கும் முறை) சேர்க்கணும். இன்னும் ஒரு வருஷம் தோத்தா குடியா முழுகிடும்?" எழுதுகிற தம்பிகள் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் இந்த இடத்தில் அவர்கள் சொல்வது தப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன். எங்கள் ஊர் கதையே அதற்குச் சாட்சி.

தோற்றால் கிடைக்கும் என்கிற அந்தப் பரிசை முதலில் பார்ப்போம். தோற்ற அணிகளில் யாருக்கு முதல் பிக் என்று குலுக்கும் டிராஃப்ட் லாட்டரியின் விதியை 2019-ல் என்பிஏ மாற்றியது. கடைசி மூன்று இடத்து அணிகளுக்கும் முதல் பிக் விழும் வாய்ப்பு ஒரே அளவு, தலைக்கு 14 சதவீதம் என்று ஆனது. கடைசி அணி ஐந்தாவது பிக் வரை சறுக்கலாம் என்ற நிலை வந்தது. 2023-ல் லீகிலேயே மோசமான அணி டெட்ராய்ட், 17 வெற்றி, 65 தோல்வி (17-65). முதல் பிக்காகப் போவார் என்று எல்லாரும் சொன்ன பிரெஞ்சு இளைஞர் வெம்பன்யாமா வருவார் என்று ஊரே காத்திருந்தது. விழுந்தது ஐந்தாவது பிக். 2024-ல் 14-68, மறுபடி கடைசி, மறுபடி ஐந்தாவது. 2025-ல் யூட்டா 17-65 என்று கடைசி. அவர்களுக்கும் ஐந்தாவதுதான். அந்த வருஷம் முதல் பிக்காக கூப்பர் ஃபிளாக் போனது 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டாலஸுக்கு. தொடர்ந்து மூன்று வருஷம் கடைசி அணிக்குக் கிடைத்தது இதுதான். இதை நம்பி 20 வயசுப் பையன்களை ஒரு வருஷம் முழுக்கத் தோல்வியில் ஊறப்போடுவது எனக்கு ஒப்பவில்லை.

தோல்வியும் ஒரு பழக்கம். தினமும் மூன்று பேர் நடுவே பந்தை வைத்துக்கொண்டு திணறுகிறவனுக்கு எது நல்ல பாஸ் என்பதே மறந்துபோகும். ஜெயிக்கிற ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தை அதை ஆடித்தான் கற்க முடியும், பயிற்சிக்கூடத்தில் அதற்குப் பாடம் கிடையாது.

2024 கோடையில் டெட்ராய்ட் செய்தது பிரமாதமான வேலை. கோர்ஸ் நிர்வாகத்தை மாற்றி, நியூ ஆர்லியன்ஸில் இருந்த டிராஜன் லாங்டனைக் கொண்டுவந்தார். ஒரே வருஷம் முன்னால் 78.5 மில்லியன் டாலருக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் போட்ட கோச் மான்டி வில்லியம்ஸை, மீதிப் பணத்தைக் கொடுத்தே அனுப்பினார்கள். கிளீவ்லாண்டை 48 வெற்றிக்குக் கொண்டுபோயும் வேலை இழந்திருந்த ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். எறிதலைத் திருத்துவதற்கென்றே பேர் வாங்கிய ஃப்ரெட் வின்சன் உதவிக் கோச்சாக வந்தார். கேட்டுக்கு ஐந்து வருஷம், 224 மில்லியன் டாலருக்குக் குறையாத ஒப்பந்த நீட்டிப்பு.

அதன்பிறகு வந்த மூன்று பேரைப் பார்த்துத்தான் குழுவில் கேலி ஆரம்பித்தது. டோபியாஸ் ஹாரிஸ்: இரண்டு வருஷம், 52 மில்லியன். முன்பு இங்கேயே ஆடினவர். ஃபிலடெல்ஃபியாவில் வாங்கிய 180 மில்லியன் சம்பளத்துக்காக அந்த ஊர் ரசிகர்களிடம் திட்டு வாங்கியே களைத்துப்போயிருந்தார். மாலிக் பீஸ்லி: ஒரு வருஷம், 6 மில்லியன். டிம் ஹார்டவே ஜூனியர்: டாலஸ் அவரைக் கூடவே மூன்று இரண்டாம் சுற்றுப் பிக்கோடு அனுப்பி, குவென்டின் கிரைம்ஸை வாங்கிக்கொண்டது. "மூணு பேருமே அடுத்த கோப்பை வரைக்கும் இருக்கப்போறதில்ல, எதுக்கு?" என்று கேட்டார்கள்.

அவர்கள் இருக்கப்போவதில்லை என்பது லாங்டனுக்குத் தெரியாதா? அதனால்தானே ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போட்டார். அணியின் மொத்தச் சம்பளம் உச்சவரம்பில் 90 சதவீதத்தை எப்படியும் தொட்டாக வேண்டும், என்பிஏ விதி அப்படி. அந்தப் பணத்தில் மற்ற அணிகள் தள்ளிவிடுகிற சுமையான ஒப்பந்தங்களை ஏற்று பிக் சேர்க்கலாம், இல்லை கேட்டுக்கு மூச்சுவிட இடம் வாங்கலாம். அவர் இடம் வாங்கினார்.

பீஸ்லி அந்த சீசனில் 82 ஆட்டமும் ஆடினார், 319 த்ரீ (தூரத்தில் இருந்து போடும் மூன்று புள்ளிக் கூடை) போட்டார். லீகில் அவரைவிட அதிகம் போட்டது அந்தனி எட்வர்ட்ஸ் மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்று கூட. 6 மில்லியனுக்கு! இந்த எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அதே பழைய காட்சி. கேட் உள்ளே நுழைகிறார், மூன்றாவது ஆள் உதவிக்கு ஓர் அடி வைக்கிறான், திரும்பிப் பார்க்கிறான், மூலையில் பீஸ்லி. அந்த ஓர் அடியை அப்படியே பின்வாங்கிக்கொள்கிறான். பீஸ்லி கைக்குப் பந்தே வரவில்லை, ஆனால் கேட் நேரே கூடைக்குப் போய்விட்டார். அந்த வருஷம் கேட் சராசரி 26.1 புள்ளி, 9.1 அசிஸ்ட் (சக ஆள் கூடை போடக் கொடுக்கும் பாஸ்). ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானார். போன வருஷம் இருந்த அதே கைகள்தான்.

ஹாரிஸின் வேலை வேறு மாதிரி. சராசரி 13.7 புள்ளி, பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இளைஞர்கள் ஜேலன் டூரன், ஆசார் தாம்சன், 18 வயசில் டிராஃப்டில் வந்த ரான் ஹாலண்ட் எல்லாரும் அவசரப்படும்போது, பந்தை வாங்கி நிதானப்படுத்த ஒரு 32 வயசுக்காரர் இருந்தார். ஜனவரி 1 அன்று எங்கள் இன்னொரு இளைஞர் ஜேடன் ஐவியைக் கால் எலும்பு முறிந்து தூக்கிக்கொண்டு போனார்களே, அன்று நான் சீசன் முடிந்தது என்றே நினைத்தேன். முடியவில்லை. பிப்ரவரியில் இன்னொரு சீனியர், டென்னிஸ் ஷ்ரூடர் வந்தார். 44-38. முந்தைய 82 ஆட்ட சீசனின் வெற்றிகளை மும்மடங்காக்கிய முதல் அணி என்பிஏ வரலாற்றில் இதுதான்.

சீனியர் என்று யாரையாவது பிடித்துப் போட்டால் போதும் என்று நான் சொல்லவரவில்லை. 2023 கோடையிலும் ஜோ ஹாரிஸ், மான்டி மாரிஸ் என்று இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். மாரிஸ் காயத்தில் உட்கார்ந்தே இருந்தார், ஜோ ஹாரிஸை நடுவிலேயே விட்டுவிட்டார்கள். இன்றைக்கு ஓடக்கூடியவனா, இந்த இளைஞனுக்கு எது குறையோ அது இவனிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரைம்ஸ் விஷயத்தில் என் மனசு இன்னும் ஆறவில்லை, 24 வயசு, பிறகு ஃபிலடெல்ஃபியாவில் நன்றாகவே ஆடினார். அந்த நஷ்டம் உண்மை.

இதற்கு எதிராக ஓக்லஹோமா அணியைக் காட்டுவார்கள். தெரியும், அவர்கள் தோற்றார்கள், பிக் குவித்தார்கள், 2025-ல் கோப்பையும் வாங்கினார்கள். ஆனால் அந்தக் கதையை 2019-ல் இருந்து படிக்க வேண்டும். அவர்களின் நட்சத்திரம் ஷே கில்ஜஸ்-அலெக்ஸாண்டர் அங்கே ஆடிய முதல் சீசனில் பக்கத்தில் நின்றது சீனியர் கிறிஸ் பால். கோப்பைக்கு முந்தைய கோடையில் கொண்டுவந்தது அனுபவசாலிகள் அலெக்ஸ் கரூஸோவையும் ஹார்டன்ஸ்டைனையும். வெம்பன்யாமாவை எடுத்த சான் அன்டோனியோவும் அவருடைய முதல் வருஷம் இளைஞர் ஜெரமி சோஹனை பாயிண்ட் கார்டாக (பந்தை நடத்துகிறவராக) நிறுத்திப் பார்த்து, 22 வெற்றியோடு முடித்தபிறகு அதே கிறிஸ் பாலைத்தான் வெம்பன்யாமாவுக்குக் கூட்டிவந்தது. அந்த 39 வயசு மனிதர் 82 ஆட்டமும் ஆடினார்.

யூட்டா மேல் எனக்குக் கோபமே உண்டு. ஆட முடிந்த தங்கள் நட்சத்திரம் லாரி மார்க்கனனை உட்காரவைத்ததற்காக 2025 மார்ச்சில் லீக் அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. அந்தக் கோடையிலேயே அனுபவசாலிகள் செக்ஸ்டன், ஜான் காலின்ஸ், கிளார்க்ஸன் மூவரையும் அனுப்பிவிட்டார்கள். அந்த ஐந்தாவது பிக்கில் ஏஸ் பெய்லி மாதிரி ஒரு பையன் வந்து இறங்கும்போது வீட்டில் பெரியவர் என்று யார் மிச்சம்?

2020-ல் ஐசையா ஸ்டூவர்ட்டுக்காக டெட்ராய்ட் கொடுத்த ஒரு முதல் சுற்றுப் பிக், 2025-ல் 13-க்குள் விழுந்தால் நமக்கே என்ற நிலையில் இருந்தது. ஜெயித்ததால் அது 17-வதாகி மினசோட்டாவுக்குப் போனது. ஊரில் ஒருத்தர்கூட அதற்காக வருத்தப்பட்டு நான் பார்க்கவில்லை. நியூயார்க்கில் போய் 100-94 என்று ஜெயித்து, 2008-க்குப் பிறகு முதல் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) வெற்றியைப் பார்த்துவிட்ட ஊர் இது. அடுத்த கோடையில் பீஸ்லி, ஹார்டவே, ஷ்ரூடர் மூவரும் இல்லை. டங்கன் ராபின்சனும் காரிஸ் லெவர்ட்டும் வந்தார்கள், இருவருமே பக்கத்து ஆன் ஆர்பரில் மிஷிகன் பல்கலைக்கு ஆடியவர்கள். ஆள் மாறினார்கள், வேலை அதே வேலை.

2025 ஏப்ரல் 27, ஞாயிறு மதியம், அந்த பிளேஆஃபில் நியூயார்க்கோடு நாலாவது ஆட்டம். அதே அரங்கம், அதே மேல் அடுக்கு. 94-93, ஒரு புள்ளி பின்னால். கடைசி நொடிகளில் கேட் போட்டது விழவில்லை, பந்து சிதறி ஹார்டவே கைக்கு வந்தது, மூலையில். அவர் எம்பும்போது நியூயார்க்கின் ஜோஷ் ஹார்ட் மேலே வந்து மோதினார். விசில் வரவில்லை. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆட்டம் முடிந்தபிறகு நடுவர் ஒப்புக்கொண்டார். இந்த முறை என் பையன் கத்தினான், தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு. காரில் ஏறினதும் முதல் வார்த்தை, "அப்பா, மூலையில நிக்கிறவர் மேலயே போய் விழுந்துட்டாங்கப்பா."