'ஜாமீன்' என்ற சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம்

முதியோர் கல்வி வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு வகுப்பை முடித்துவிடாதீர்கள். படிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் போடத் தெரிவது கைநாட்டைவிட ஆபத்தானது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். ஐம்பது வயது தாண்டியவர். பென்சிலை உளியைப் போலப் பிடிப்பார். அழுத்துகிற அழுத்தத்தில் முனை ஒடிந்துகொண்டே இருக்கும். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் தட்டுப்படும். மூன்று வாரத்தில் தன் பெயரைப் பிழையில்லாமல் எழுதிவிட்டார். அன்றைக்கு வகுப்பே கைதட்டியது. நானும்தான்.

இரண்டு மாதம் கழித்து, முந்தானையில் சுருட்டி ஒரு தாளைக் கொண்டுவந்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க டீச்சர்." சொந்தக்காரர் ஒருவர் வாங்கிய கடனுக்கான ஜாமீன் பத்திரம் அது. வாங்கியவர் கட்டவில்லை, இவர் வாசலில் வந்து நிற்கிறார்கள். "ஏன்க்கா போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான் போட்டேன் டீச்சர். ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கைநாட்டு வைக்கிறவருக்குப் பத்திரத்தை வாசித்துக்காட்டி, வாசித்துக்காட்டியதாக எழுதிவைக்கும் வழக்கமாவது இருக்கிறது. கையெழுத்தென்றால் அந்தச் சின்னப் பாதுகாப்பும் போய்விடும். படித்துப் பார்த்துத்தானே போட்டாய் என்பார்கள். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகூட, ஏதாவது ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் தெரிந்தவரைத்தான் எழுத்தறிவு பெற்றவர் என்கிறது.

மறுநாள் பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். 'ஜ' எங்கே வருகிறது? கடைசியில். உயிர், மெய், உயிர்மெய் எல்லாம் முடிந்த பிறகு ஜ, ஷ, ஸ, ஹ என்று போகிறபோக்கில். ஆனால் ஜாமீன், ரிஜிஸ்டர், பஸ், ஆஸ்பத்திரி என்று இந்தப் பெண்கள் தினமும் முட்டிக்கொள்கிற சொற்களில் எல்லாம் அந்த எழுத்துகள்தானே இருக்கின்றன! நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் முன்னால் அணில் படத்தையும் ஆடு படத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று கரும்பலகையில் 'ஜாமீன்' என்று எழுதித்தான் பாடத்தைத் தொடங்கினேன்.

இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1957இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜான்ஸ் தீவில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். படித்துக் காட்டினால்தான் ஓட்டு என்று சட்டம் போட்டுக் கறுப்பின மக்களை ஒதுக்கிய காலம். கறுப்பின ஆசிரியை செப்டிமா கிளார்க் முன்னின்று தொடங்கிய வகுப்புக்குப் பாடம் எடுக்க வந்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் ஆசிரியர் அல்ல; முடி அலங்காரமும் தையலும்தான் அவர் தொழில். முதலில் வந்தவர்கள் 14 பேர். கொண்டுபோன சிறுவர் பாடங்கள் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்று கண்டதும் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, "உங்களுக்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், தபாலில் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. ஓட்டுரிமைக்கான சட்டப் பகுதியும் அதில் சேர்ந்தது.

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்க ஊக்கம் கொடுத்தார். சைக்கிளுக்கும் அ, ஆவுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். வேலைக்கும் தண்ணீருக்கும் நடந்தே தேய்கிற பெண்ணுக்கு வகுப்புக்கு வரும் நேரத்தைக் கொடுத்தது அந்தச் சைக்கிள்தான்.

நானும் என் வகுப்பில் கேட்டேன். "முதல்ல நம்பர் சொல்லிக்குடுங்க. ஆறு நாள் வேலைக்கு அஞ்சு நாள்னு எழுதுறாங்களோன்னு சந்தேகமா இருக்கு" என்றார் ஒருவர். மாத்திரை அட்டையில் உள்ள தேதியைப் படிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மூன்றாவது பெண் வெகுநேரம் பேசவில்லை. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போனது ஞாபகம் இருக்கிறதாம்: வகுப்பைக் கூட்டச் சொன்னதும், தனியாக உட்கார வைத்ததும் மட்டும். அப்படிப்பட்டவர் நாற்பது வயதில் திரும்பவும் ஒரு கரும்பலகை முன்னால் வந்து உட்கார்ந்தால், அது எவ்வளவு பெரிய துணிச்சல்! அவர் இரண்டு நாள் வராவிட்டால் 'ஆர்வமில்லை' என்று குறிப்பு எழுதுகிறவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? கூட்டிக்கொண்டு வரட்டும், மடியில் படுத்துத் தூங்கட்டும். வகுப்பு அதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.

போன மாதம் அந்த அக்காவிடம் இன்னொருவர் ஒரு தாளை நீட்டியிருக்கிறார். "வச்சிட்டுப் போங்க, நாளைக்குச் சொல்றேன்" என்று வாங்கி வகுப்புக்குக் கொண்டுவந்தார். விரலை வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார். ஒரு பக்கத்துக்கு நாற்பது நிமிடம் ஆனது. யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். 'ஜாமீன்தாரர்' வந்த இடத்தில் விரல் நின்றது. தாளை நாலாக மடித்து, திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துக்கொண்டார்.

பழைய கடனை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.