படிக்கட்டை யாருமே படம் எடுக்கவில்லை

கொடைக்கானலில் வில்பட்டி பக்கம் இரண்டு நாளுக்கு ஒரு காட்டேஜ் எடுத்தோம். தங்கிப்போனவர்கள் ரிவ்யூவில் போட்ட படங்களை ஒன்றுவிடாமல் பார்த்த பிறகுதான் பணம் கட்டினேன். கோக்கர்ஸ் வாக்கில் செல்ஃபி, தூண் பாறையில் செல்ஃபி, ஏரியில் படகு, கையில் மிளகாய்ப்பொடி தடவிய சோளம். ஏரியை 1863-லேயே உருவாக்கிவிட்டார்கள், அது எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நான் படுக்கப்போகும் அறை எப்படி இருக்கும்? அதைக் காட்ட ஒருவருக்கும் மனசு வரவில்லை.

போய் இறங்கினால், ரோட்டிலிருந்து வீட்டுக்கு 42 படி. கைப்பிடி கிடையாது. பாசி பிடித்து வழுக்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒவ்வொரு படியிலும் நின்று, என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முன்பே தெரிந்திருந்தால் வேறு வீடு பார்த்திருப்பேனே!

உள்ளே கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை. கம்பளியில் ஈர வாடை. சுமார் 2,100 மீட்டர் உயரம், வடகிழக்குப் பருவமழைக் காலம், வெயில் படாத சுவர் ஊறத்தான் செய்யும். வீட்டுக்காரர் போடும் படமோ நல்ல வெயில் நாளில் எடுத்தது. மழையில் தங்கியவர் எடுக்கும் படம்தான் அடுத்து வருகிறவருக்கு உதவும். அதே கட்டிலில் படுத்து எழுந்தவர்கள் கண்ணில் அந்தச் சுவர் படாமலா இருந்திருக்கும்?

கிளம்பும் முன் படிக்கட்டு, சுவர், குளியலறை, வண்டி நிறுத்தும் இடம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டேன். படிக்கட்டை மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று.