லாம்டாவுக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா?

நேற்று ராத்திரி பதினொன்றரை வரைக்கும் வேலை. காரணம், சி++ மொழியில் எட்டு வரி ஸ்ட்ரக்ட் (கிளாஸ் மாதிரியே நாமே எழுதும் ஒரு டைப்) ஒன்று.

ஒரு வேரியன்ட்டுக்குள், அதாவது பல டைப்களில் ஏதாவது ஒன்றை வைத்திருக்கும் பெட்டிக்குள், நாலு வகை டைப் வரும். எண் வந்தால் கூட்ட வேண்டும், வேறு எது வந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று ஏற்ற வேண்டும். அந்த ஒரே ஃபங்ஷனைத் தவிர இந்த ஸ்ட்ரக்ட்டுக்கு வேறெங்கும் வேலை இல்லை. அதனால் உள்ளேயே எழுதினேன். "வேறு எது வந்தாலும்" என்பதற்கு ஒரு டெம்ப்ளேட் மெம்பர், அதாவது எந்த டைப்புக்கும் பொருந்தும் மெம்பர் ஃபங்ஷன். கம்பைலர் மறித்துவிட்டது. லோக்கல் கிளாசுக்குள் (ஃபங்ஷனுக்கு உள்ளே எழுதும் கிளாஸ்) டெம்ப்ளேட் மெம்பர் கூடாதாம்.

ஏன் கூடாது? சி++98-ல், அதாவது 1998-ன் ஸ்டாண்டர்டில், லோக்கல் டைப்பை டெம்ப்ளேட்டுக்கு ஆர்குமென்ட்டாகக்கூடக் கொடுக்க முடியாது, அதற்கு லிங்கேஜ் (வெளியிலிருந்து அதன் பெயரைக் குறிக்கும் வழி) இல்லை என்றார்கள். சார்ட் செய்ய ஒரு கம்பேரட்டர் (இரண்டில் எது முதலில் என்று சொல்வது) எழுதினாலும் வெளியே கொண்டுபோய்த்தான் வைக்கணும். சரி, அந்தக் காலத்துக் கஷ்டம். சி++11-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்களே! சி++14-ல் ஜெனரிக் லாம்டாவும், அதாவது எந்த டைப்பையும் வாங்கும் பெயரில்லாத ஃபங்ஷனும், வந்தது. அதை எழுதினால் கம்பைலர் என்ன செய்கிறது? ஃபங்ஷனுக்குள்ளேயே பெயரில்லாத ஒரு கிளாஸை உருவாக்கி, அதற்குள் டெம்ப்ளேட் ஆபரேட்டரை வைக்கிறது. நான் செய்யக் கூடாது என்கிற அதே காரியம்! முடியாது என்றால் விட்டுவிடுவேன். முடிகிறது. நான் பெயர் வைத்து எழுதினால் மட்டும் எரர். சி++23 வந்த பிறகும் இதே நிலைதான்.

"லாம்டாவிலேயே எழுதலாமே" என்பார்கள். இரண்டு லாம்டாவை ஒன்றாகச் சேர்க்க 'ஓவர்லோடட்' என்று ஒரு டெம்ப்ளேட் எழுத வேண்டும். அது ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் இல்லை, அதையும் ஃபங்ஷனுக்கு வெளியேதான் வைக்கணும். இல்லாவிட்டால் ஒரே லாம்டாவுக்குள் இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பர் (கம்பைல் செய்யும்போதே தீர்மானமாகும் இஃப்) மேல் இஃப் கான்ஸ்ட்எக்ஸ்பர். படிக்கிறவன் பாவம். இது மட்டுமா? ஒரு ஸ்டேட்டிக் கான்ஸ்ட்எக்ஸ்பர் மெம்பர்கூட (கிளாஸுக்குப் பொதுவான மாறாத மதிப்பு) லோக்கல் கிளாசுக்குள் கூடாது. 16 என்ற ஒரு எண்ணுக்குப் எனம் பட்டியலில் ஒரு பெயராக அதை வைக்கும் பழைய வித்தையைக் காட்ட வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஸ்ட்ரக்ட்டை வெளியே தூக்கிப் போட்டேன். ஃபங்ஷன் இருப்பது ஹெடரில் (மற்ற ஃபைல்கள் தங்களுக்குள் சேர்த்துக்கொள்ளும் ஃபைல்), அதனால் அதை இன்க்ளூட் செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். உள்வேலைக்கு மட்டும் என்று காட்டும் 'டீட்டெய்ல்' நேம்ஸ்பேஸில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். போன வருஷம் அப்படி வைத்த ஒன்றை இன்னொரு டீம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அதில் ஒரு மெம்பரின் பெயரை மாற்றினாலும் அவர்கள் பில்ட் உடைகிறது.