பழைய பதிப்புக்குத் திரும்புவது தீர்வன்று

பயர்பாக்ஸ் உலாவியின் 127ஆம் பதிப்பு மின்னஞ்சல் படங்களை அழித்துவிடுகிறது, எனவே பழைய பதிப்பையே நிறுவுங்கள் என்று ஒருவர் கூறியிருப்பது தவறு. படங்கள் எங்கும் அழியவில்லை. 2024 ஜூனில் வெளியான அந்தப் பதிப்பு முதல், பாதுகாப்பான பக்கத்துக்குள் மறையாக்கம் இல்லாத பழைய எச்டிடிபி (http) முகவரியிலிருந்து அழைக்கப்படும் படங்களையும் மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் (https) வழியாகவே பெற உலாவி முயல்கிறது. அனுப்பியவரின் சர்வர் அதற்கு இடம் தராவிட்டால் படம் தெரியாது. ஜிமெயிலுக்கு இந்தக் காரணம் பெரும்பாலும் பொருந்தாது, ஏனெனில் 2013 இறுதியிலிருந்தே அது படங்களைக் கூகுளின் சொந்த சர்வர்கள் வழியாகத்தான் தருகிறது. அங்கே சிக்கல் என்றால், வெளிப்படங்களைக் காட்டும் முன் கேட்கும் அமைப்பையும் உலாவியில் சேர்த்துள்ள விளம்பரத் தடுப்பு நீட்சிகளையும் முதலில் சோதியுங்கள். பழைய பதிப்போ, அதற்குப் பின் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அத்தனையையும் இழக்கச் செய்யும். வங்கிக் கணக்கையும் அதே உலாவியில் திறப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.