ஃபோர்ட் ஸ்டிகீன்: தங்கத்தை விடுங்கள், பஞ்சைப் பாருங்கள்

ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பலைப் பற்றி யார் எழுதினாலும் தங்கத்தில்தான் தொடங்குகிறார்கள். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா துறையில் வெடித்த சரக்குக் கப்பல் அது. உள்ளே 124 தங்கக் கட்டிகள். ஒன்று பறந்துபோய் ஒரு பார்சிக்காரர் வீட்டில் விழுந்தது. சுவையான கதைதான். ஆனால் என் கண் பஞ்சு மேலே.

1942இல் கனடாவின் பிரின்ஸ் ரூபர்ட்டில் கட்டிய கப்பல். 7,142 டன். யுத்த அவசரத்துக்கு ஒரே மாதிரியாகக் கட்டித் தள்ளிய வகை. 1944 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பர்கன்ஹெட்டிலிருந்து கிளம்பியபோது அதில் 1,395 டன் வெடிபொருள், கூடவே போர் விமானங்கள், அப்புறம் அந்தத் தங்கம். அதுவரைக்கும் சரி, யுத்தகாலத்தில் அது சகஜம்.

கராச்சியில்தான் கோளாறு. விமானங்கள் இறங்கியதும் காலியான இடத்தைச் சும்மா விட மனமில்லை. 8,700 பேல் (இறுக்கிக் கட்டிய பொதி) பஞ்சு, எண்ணெய்ப் பீப்பாய்கள், மரம், மீன் உரம் என்று கண்டதையும் திணித்தார்கள். இரண்டாம் எண் சரக்கறையில் அடியில் பஞ்சு, மேல்தட்டில் வெடிபொருள். பஞ்சும் வெடிமருந்தும் ஒரே அறையில்! இதற்கு நிபுணர் வேண்டாம், சிவகாசியில் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவரைக் கேட்டாலே போதும். ஆனால் கப்பலில் இடத்துக்குப் பஞ்சம், கோப்பில் எல்லாம் முறைப்படி இருந்திருக்கும்.

பம்பாயில் வெடிபொருளுக்கான சிவப்புக் கொடியும் ஏற்றவில்லை. 14ஆம் தேதி பிற்பகல் 2 மணி வாக்கில் புகை தெரிந்தது. குழாய் குழாயாகத் தண்ணீர் அடித்தார்கள், 900 டன்னுக்குமேல். எனக்கு இதில் மிகவும் உறைப்பது இதுதான்: தண்ணீர் ஏற ஏற, எரிகிற பஞ்சுப் பேல்கள் மிதந்து மேலே வந்தன. மேலே வெடிமருந்து. தீயணைக்கப் பாய்ச்சிய தண்ணீரே தீயைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தது.

கரையில் என்ன நடந்தது? கப்பலை அங்கேயே மூழ்கடிக்கலாம் என்றார் வெடிபொருள் அதிகாரி. துறைமுக அதிகாரி வெளிக்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார். மூழ்கடிக்கத் துறையில் போதிய ஆழமில்லை. ஆளுக்கொரு யோசனை; கடைசி வார்த்தை சொல்ல யாருமில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று.

4:06க்கு முதல் வெடிப்பு, 4:34க்கு அடுத்தது. அதிர்வு சிம்லா வரை பதிவானது. பக்கத்தில் நின்ற ஜலபத்மா கப்பலின் பின்பகுதி சரக்குக் கொட்டகை மேல் போய் உட்கார்ந்தது. இறந்தவர்கள் 800 என்பார்கள், 1,300 என்பார்கள். பெரும்பாலோர் கூலிகள், அக்கம்பக்கத்துக் குடிசைவாசிகள். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். செத்தவர்களில் தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். உள்ளூர்ச் செய்தியைத் தணிக்கை அமுக்கிவிட்டது. ஜப்பான் கையிலிருந்த சைகோன் வானொலிதான் முதலில் சொன்னது.

காரணம் என்னவென்றால், எவனோ ஒரு தொழிலாளி சிகரெட் துண்டைப் போட்டிருப்பான் என்று கை காட்டுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு துண்டு சிகரெட்டுக்கு அத்தனை பேர் சாக வேண்டுமென்றால், அதற்கு ஏற்பாடு செய்தவர் கராச்சியில் சரக்கேற்றக் கையெழுத்துப் போட்டவர். கூலிக்காரன் மேல் பழி போடுவது சுலபம், அவனுக்கு வக்கீல் கிடையாது.

அந்த 66 பேருக்காகத்தான் நம் ஊரிலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் தீத்தொண்டு வாரம் தொடங்குகிறது. சிலிண்டரை மூடுவது எப்படி என்று காட்டுகிறார்கள், நல்லது. அத்தோடு அந்த இரண்டாம் எண் சரக்கறையின் படத்தையும் ஒரு பலகையில் வரைந்து வைக்கலாம். கிடங்கு வைத்திருப்பவர்கள் பார்க்கட்டும்.