டார்வினைக் கொண்டாடும் தோழர்கள் வவிலோவையும் பேச வேண்டும்

2023இல் பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி அறிவியல் பாடநூலிலிருந்து பரிணாமத்தைத் தூக்கினார்கள். ‘மரபும் பரிணாமமும்’ என்று இருந்த பாடம் வெறும் ‘மரபு’ ஆனது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு, அதைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்கள். என் நட்பு வட்டத்தில் இதற்காக அதிகம் கொதித்தவர்கள் இடதுசாரித் தோழர்கள். அவர்களோடு சேர்ந்து நானும் பேசினேன், எழுதினேன். அந்த நிலைப்பாட்டில் இன்றும் எனக்கு இம்மியளவு மாற்றமில்லை. பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிடப்போகும் பிள்ளையை டார்வின் யார் என்றே சொல்லாமல் அனுப்புவது அநியாயம்.

ஆனால் அந்தக் கூட்டங்களில் என்னென்ன உதாரணங்கள் வந்தன என்று யோசித்துப் பார்க்கிறேன். கலிலியோ வந்தார். 1925இல் அமெரிக்காவின் டென்னசியில் பரிணாமம் கற்பித்ததற்காக 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்ட ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் வந்தார். குரங்கு மனிதனானதை யாரும் பார்க்கவில்லை என்று 2018இல் சொன்ன ஒன்றிய இணை அமைச்சர் வந்தார். சோவியத் தாவர அறிவியலாளர் நிக்கோலாய் வவிலோவ் மட்டும் வரவே இல்லை. அவருடைய சாவுக்குக் காரணம் டார்வினைப் போற்றிக் கொண்டாடிய ஓர் அரசு. அதனால்தான் அவர் பெயர் நம் வாயில் வருவதில்லை என்று நினைக்கிறேன்.

இடதுசாரிகளுக்கு டார்வின் மீது இருக்கும் பிரியம் பழையது. மார்க்ஸ் 1860இலேயே அவருடைய நூலைப் படித்து, நம் பார்வைக்கு இயற்கை வரலாற்றில் அடித்தளம் இது என்று ஏங்கெல்சுக்கு எழுதினார். 1883இல் மார்க்சின் கல்லறை அருகே பேசிய ஏங்கெல்ஸ் அவரை டார்வினோடு ஒப்பிட்டார். நம் ஊரில் சிங்காரவேலர் 1930களில் ‘குடி அரசு’ இதழில் எளிய தமிழில் அறிவியல் எழுதினார். அப்புறம் மாஸ்கோவில் அச்சாகி வந்த மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்கள். என் போன்ற பலருக்கு அறிவியல் ருசி வந்ததே அவற்றால்தான். அந்தக் கடனை மறக்க மாட்டேன்.

சரி, சோவியத் நாட்டில் என்னதான் நடந்தது?

உயிரினங்களுக்குள் இருக்கும் வேறுபாடுகளிலிருந்து இயற்கை தேர்ந்தெடுக்கிறது என்று டார்வின் 1859இல் காட்டிவிட்டார். ஆனால் அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. அதற்கான விடை மெண்டல் என்ற துறவி வளர்த்த பட்டாணிச் செடிகளில் இருந்தது. 1866இல் அச்சான அந்தக் கட்டுரையை 1900 வரை உலகம் கண்டுகொள்ளவில்லை. டார்வினையும் மெண்டலையும் இணைக்கும் வேலை 1920களில் சூடுபிடித்தபோது சோவியத் ஆய்வாளர்கள் முன்வரிசையில் நின்றார்கள். செர்கேய் செத்வெரிகோவ் 1926இல் எழுதிய கட்டுரை அந்த இணைப்பின் முதல் கற்களில் ஒன்று. மூன்றே ஆண்டுகளில் அவரைக் கைது செய்து மாஸ்கோவிலிருந்து வெளியேற்றினார்கள்.

வவிலோவ் அந்தத் தலைமுறையின் பெரிய மனிதர். பயிர்கள் முதலில் எங்கெங்கே தோன்றின என்று 1926இல் வரைபடம் போட்டுக் காட்டியவர். ஒரு பயிரின் பழைய இருப்பிடங்களில்தான் அதன் வேறுபாடுகள் குவிந்து கிடக்கும் என்பது அவர் வாதம். எந்த மலைக்கிராமத்து நாட்டு ரகத்தில் நோயைத் தாங்கும் குணம் இருக்கிறதோ, எதில் பனியைத் தாங்கும் குணம் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா, மெக்சிகோ என்று அலைந்தார். அவரும் அவருடைய ஆட்களும் லெனின்கிராடில் சேர்த்த விதை மாதிரிகள் சுமார் இரண்டரை லட்சம். டார்வின் சொன்ன வேறுபாட்டைப் பசிக்கு மருந்தாக்கப் பார்த்த முயற்சி அது. இதைவிட மக்கள் சார்ந்த அறிவியல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

எதிரே வந்தவர் த்ரோஃபிம் லைசென்கோ. உக்ரைன் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. ஈர விதையைக் குளிரில் வைத்து விதைத்தால் குளிர்காலக் கோதுமையை வசந்தத்தில் பயிரிடலாம் என்று சொல்லிப் பெயர் வாங்கினார். குளிர் விளைவு என்பது உண்மைதான். தொடக்கத்தில் வவிலோவே அவரை ஊக்கப்படுத்தினார். லைசென்கோ அதோடு நிற்கவில்லை. சூழலால் பெற்ற மாற்றம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றார். மரபணு என்பதே கற்பனை, மெண்டலியம் முதலாளித்துவச் சரக்கு என்றார். ஒரே இனத்துச் செடிகள் தங்களுக்குள் போட்டி போடாது என்றார். இத்தனைக்கும் அவர் வைத்த பெயர் ‘படைப்பூக்க டார்வினியம்’. இயற்கைத் தேர்வின் முதுகெலும்பை உருவிவிட்டு டார்வின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். 1935இல் அவர் மேடையில் பேசியபோது ஸ்டாலினே “சபாஷ், தோழர் லைசென்கோ” என்று குரல் கொடுத்தார். 1938இல் லைசென்கோ வேளாண் அறிவியல் அகாதமியின் தலைவர் ஆனார். அந்த அகாதமியின் முதல் தலைவர் வவிலோவ்.

வவிலோவ் பணியவில்லை. எரித்தாலும் எங்கள் கருத்திலிருந்து பின்வாங்க மாட்டோம் என்று 1939இல் வெளிப்படையாகவே சொன்னார். 1940 ஆகஸ்டில், மேற்கு உக்ரைனில் செடி சேகரிக்கப் போன இடத்தில் கைது செய்தார்கள். நாசவேலை, உளவு என்று குற்றச்சாட்டு. மரண தண்டனை விதித்து, பிறகு 20 ஆண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். 1943 ஜனவரி 26 அன்று சரதோவ் சிறையில் செத்துப்போனார். போதிய உணவில்லாமல் உடல் நலிந்த சாவு. உலகத்தின் பசியைப் போக்க விதை சேர்த்தவருக்கு அந்தச் சாவு.

அதே நேரத்தில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தன. ஊரே பட்டினியில் செத்துக்கொண்டிருந்தது. வவிலோவின் நிலையத்தில் நெல், கோதுமை, கடலை என மூட்டை மூட்டையாக இருந்தன. அங்கிருந்தவர்கள் அவற்றைத் தொடவில்லை. நெல் சேகரிப்பைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே பட்டினியில் இறந்தார். நிலக்கடலை ஆய்வாளர் அலெக்சாண்டர் ஷூகின் தன் மேசையிலேயே உயிர்விட்டார். அவர்களும் சோவியத் மக்கள்தான். சோவியத் பெருமையைப் பேசுகிறவர்கள் பேச வேண்டியவர்கள் இவர்கள் என்பேன்.

1948 ஆகஸ்டில், அதே வேளாண் அகாதமியின் கூட்டத்தில், மரபியலுக்குக் கதவை முழுதாக மூடினார்கள். தன் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஒப்புதல் தந்துவிட்டது என்று லைசென்கோ அவையில் அறிவித்தார். அதோடு விவாதம் முடிந்தது. ஆய்வாளர்கள் கூட்டங்கூட்டமாக வேலை இழந்தார்கள். பாடநூல்கள் மாற்றி எழுதப்பட்டன. நம் பாடநூலிலிருந்து ஒரு பகுதி போனதற்கே நமக்கு இவ்வளவு கோபம் வருகிறதே! ஸ்டாலினுக்குப் பின் ஆட்சிக்கு வந்த குருஷ்சேவும் பதவி இழந்த பிறகு, 1965இல்தான் லைசென்கோ மரபியல் நிலையத்தின் இயக்குநர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார்.

இதை எழுதினால் சில பதில்கள் வரும். எபிஜெனெடிக்ஸ் (மரபணு மாறாமலே அது வேலை செய்யும் விதம் மாறுவதை ஆராயும் துறை) வந்து லைசென்கோ சொன்னது சரியென்று ஆகிவிட்டதே என்பார்கள். ஆகவில்லை. செடியில் குளிர் எப்படி வேலை செய்கிறது என்பது இன்று மூலக்கூறு அளவில் தெரியும். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் பூப்பதைத் தடுக்கும் ஒரு மரபணுவைக் குளிர் அடக்குகிறது; விதை உருவாகும்போது அந்த அடக்கம் நீங்கிவிடுகிறது. அடுத்த தலைமுறை மறுபடியும் குளிரைக் கேட்கிறது. லைசென்கோவின் வாதம் அவருக்குப் புகழ் தந்த குளிரிலேயே தோற்றது.

மரபியலை வைத்து முதலாளித்துவ நாடுகள் ஆடிய ஆட்டத்தைச் சொல்லவில்லையே என்பார்கள். சொல்கிறேன். ‘தகுதியானவர்கள்’ மட்டுமே பிள்ளை பெற வேண்டும் என்று டார்வினின் உறவினர் கால்டன் தொடங்கிய ‘நல்லினப் பெருக்கம்’ அமெரிக்காவில் கட்டாயக் கருத்தடைச் சட்டங்களாகி, 1933இல் ஜெர்மனியில் ஹிட்லரின் சட்டமானது. சோவியத்தில் மரபியலாளர்களை ஃபாசிஸ்ட் என்று முத்திரை குத்த அது வசதியாகவும் இருந்தது. அந்தக் கொடுமைக்கு வவிலோவ் என்ன பொறுப்பு?

இப்போது இதைப் பேசினால் எதிரிக்கு ஆயுதம் கொடுத்தது போலாகும் என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். ஜே.பி.எஸ். ஹால்டேனும் அந்த நெருக்கடியில் சிக்கினார். டார்வினையும் மெண்டலையும் கணக்கால் இணைத்த மூவரில் ஒருவர், பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர், வவிலோவை நன்கு அறிந்தவர். 1948இல் பிபிசி வானொலியில் மற்ற ஆய்வாளர்கள் லைசென்கோவை வெளுத்து வாங்கியபோது இவர் பூசி மெழுகினார். சில ஆண்டுகளில் கட்சியை விட்டு விலகி, 1957இல் இந்தியா வந்து, இங்கேயே வாழ்ந்து இறந்தார். அந்த வானொலிப் பேச்சால் கட்சிக்கு ஒரு லாபமும் கிடைக்கவில்லை. அவர் பெயரில் மட்டும் கறை தங்கிவிட்டது.

பாடநூலில் பரிணாமத்தைத் திரும்பக் கேட்டு அடுத்த துண்டறிக்கை போடும்போது, ஸ்கோப்சுக்குப் பக்கத்தில் வவிலோவுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள், தோழர்களே. எழுதித் தர நான் தயார்.