கோப்புப் பட்டியலும் எழுத்துதானே

அப்பாவின் வரவு செலவுக் குறிப்பேடுகள் மூன்றையும் போன மாதம் போனில் படமெடுத்து முடித்தேன். மங்கலாக விழுந்ததையும் சேர்த்து 231 படங்கள். எல்லாவற்றுக்கும் போன் வைத்த பெயர்தான்: ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கி ஒரு நீள எண். பெயரைப் பார்த்து எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக வலது கிளிக் செய்து பெயர் மாற்றியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே கழிந்திருக்கும். பெயர் மாற்றும் வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. ஈமேக்ஸ் என்ற எழுத்துத் திருத்தும் மென்பொருளுக்குள் இருக்கும் டைரெட்டில் செய்தேன், ஃபோல்டருக்குள் இருப்பதைப் பட்டியலிட்டுக் காட்டும் பகுதி அது.

டைரெட் புதிய சரக்கு கிடையாது. 1974 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஸ்டான் குகெல் எழுதிய நிரலின் வழித்தோன்றல். கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு டி. ஃபோல்டர் பெயரைக் கொடுத்து என்டர் தட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் வரிவரியாக வந்து நிற்கும். அனுமதி, அளவு, தேதி, பெயர். ஐகான் எதுவும் இருக்காது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு வறண்டு தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பட்டியல் முழுக்க எழுத்து. கட்டுரைக்குள் ஒரு சொல்லைத் தேடுவதுபோல அதிலும் தேடலாம்.

முதலில் மங்கல் படங்களைக் களைந்தேன். கண்ட்ரோல்-ஓ தட்டினால் படம் பக்கத்துச் சாளரத்தில் திறக்கும், கர்சர் பட்டியலிலேயே இருக்கும். வேண்டாததன் மேல் டி தட்டினால் வரியின் தொடக்கத்தில் ஒரு பெரிய டி விழும், அவ்வளவுதான். கோப்புக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. மனம் மாறினால் யூ தட்டி எடுத்துவிடலாம். கடைசியில் எக்ஸ் தட்டும்போது அழியப்போகிறவற்றைப் பட்டியலிட்டு, சரியா என்று ஒரு தடவை கேட்கும். பதினேழு போய் 214 மிஞ்சின.

இந்த இடைவெளியின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். சில வருடங்களுக்கு முன் மவுஸால் இழுக்கும்போது விரல் நழுவி ஒரு ஃபோல்டர் முழுசாகப் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டது. எதில் விழுந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. ஒரு நொடி விரல் தளர்ந்ததற்கு இரண்டு நாள். முக்கியமான கோப்புகளை அதன்பிறகு நான் இழுத்துப் போடுவதே இல்லை.

அடுத்து பெயர்கள். மூன்று குறிப்பேடுகளையும் தனித்தனி ஃபோல்டரில் பிரித்து வைத்திருந்தேன். கண்ட்ரோல்-எக்ஸ் கண்ட்ரோல்-க்யூ தட்டியதும் பட்டியலே திருத்தக்கூடிய பக்கமாகிவிடுகிறது. டபிள்யூடைரெட் என்பார்கள், 2007இல் வந்த ஈமேக்ஸ் 22 முதல் கூடவே வருகிறது. பழைய பெயர்கள் எல்லாம் ஒரே நீளம் என்பதால் அந்தப் பத்தியை மட்டும் செவ்வகமாகத் தேர்ந்தெடுத்து, ‘அப்பா-1-’ என்று தமிழிலேயே ஒரு தடவை தட்டினேன். எல்லா வரியிலும் பழையது போய் இது விழுந்தது. தமிழ்த் தட்டச்சு முறையும் ஈமேக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு அதே செவ்வகக் கட்டளைகளில் இன்னொன்றால் 001, 002 என்று வரிசை எண். இதுவரை எல்லாம் திரையில் மட்டும்தான். மேலிருந்து கீழே நிதானமாகப் படித்துப் பார்த்து, கண்ட்ரோல்-சி இரண்டு தடவை. அப்போதுதான் வட்டில் பெயர்கள் மாறின. பிடிக்கவில்லை என்றால் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-கே, எதுவுமே நடக்காததுபோல் பழையபடி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உறுதி செய்தபிறகு அன்டூ தட்டினால் திரையில் பட்டியல்தான் பின்னோக்கிப் போகும், கோப்புகள் போகாது. நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதைச் சொன்னால், “அதெல்லாம் புரோகிராமர்களுக்கு” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நாள் முழுக்க எழுத்தோடு புழங்குகிறவர்கள், மெய்ப்பு பார்ப்பவர்கள், பழைய நூல்களை ஸ்கேன் செய்து சேர்ப்பவர்கள், இவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. எழுத்தைத் திருத்தும் பழக்கம் அவர்கள் விரலில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தத் திறமை கோப்புகளுக்கு முன்னால் வந்ததும் செல்லாததாகி, எல்லாரும் முதல்நாள் மவுஸ் பிடித்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துகொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஈமேக்ஸ் பிடிக்காதவர்கள் நியோவிம் என்ற இன்னொரு திருத்தியில் ‘ஆயில்’ என்ற செருகுநிரலைப் போட்டுப் பாருங்கள், அதுவும் ஃபோல்டரைத் திருத்தும் பக்கமாகவே திறக்கிறது.

நேற்று அம்மாவுக்கு இரண்டாம் குறிப்பேட்டை வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். முன்பக்கத் தொகை ஒத்துவரவில்லையாம். பார்த்தால் 41ஐயும் 42ஐயும் படமெடுக்கும்போதே முன்பின்னாக எடுத்திருக்கிறேன். 41ஐ 42 என்றும் 42ஐ 41 என்றும் அந்த இரண்டு வரியில் திருத்தி உறுதி செய்தேன். இடையில் தற்காலிகமாக மூன்றாவது பெயர் எதுவும் நான் வைக்க வேண்டியிருக்கவில்லை, டபிள்யூடைரெட்டே அதைப் பார்த்துக்கொண்டது. அம்மா மறுபடி விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். “இப்ப சரியா இருக்கு, அடுத்ததப் போடு” என்றார்.